மகள் தயிரை மறுத்தபோது

பதினாறு வயது மகள் ஒருநாள் தயிர்ச்சோற்றை விலக்கி வைத்தாள். "அசைபோடும் மாடு வெளிவிடும் மீத்தேன் புவியைச் சூடாக்குகிறது, அம்மா. இனிப் பாலும் முட்டையும் வேண்டாம்" என்றாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். மனிதச் செயல்களால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பினால் என ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் கணித்ததைக் காட்டினாள். சிரிப்பு நின்றது, வாக்குவாதம் நிற்கவில்லை.

ஓராண்டுக்குப் பின் அவள் அடிக்கடி சோர்ந்தாள். குருதிப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைந்திருந்தது. விரல்கள் மரத்துப்போவதை இரண்டு மாதங்களாக எங்களிடம் மறைத்திருக்கிறாள். சொன்னால் மீண்டும் பாலைப் புகட்டுவோம் என்னும் அச்சமே காரணம்.

மருத்துவர் அவளையும் கடியவில்லை, எங்களையும் கடியவில்லை. "தாவர உணவிலிருந்து பி12 போதிய அளவு கிடைக்காது, மாத்திரையாகப் பெறவேண்டும்" என்றார். கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும், இரும்புச்சத்துக்குப் பயறும் கீரையும், அது உடலில் சேர எலுமிச்சையும் நெல்லியும் பரிந்துரைத்தார். உணவோடு தேநீர் அருந்துவதைத் தவிர்க்கச் சொன்னார்.

அவளுடைய கொள்கையை நாங்கள் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. எனினும், மாத்திரையை நினைவூட்டுகிறோம், எள்ளுருண்டை பிடிக்கிறோம். அவளும் உடல்நிலையை மறைப்பதில்லை. பிள்ளைகளின் கருத்தோடு மாறுபடலாம். நோயை நம்மிடம் சொல்ல அவர்கள் அஞ்சும் நிலை மட்டும் வரலாகாது.