வீடு தேடி வந்த திரைப்பட விழா

விழா என்றால் கூட்டம். கூட்டமில்லாத விழாவை எம்மவர் விழாவென்று ஒப்புவதில்லை. கொடியும் மேளமும் அலங்காரமும் குறைவின்றி இருந்தாலும், வடம் பிடிக்க ஆளில்லையேல் தேர் அசைவதெங்ஙனம்? ஆயின், நாலுபேர் கூடுவதே குற்றமென்று விதிக்கப்பட்ட ஒரு காலத்தையும் நாம் கண்டு கடந்துவிட்டோம். 2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் திகதி கொரோனா நோயைப் பெருந்தொற்றென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உலகெங்கும் படமாளிகைகள் அடைபட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் நடைபெறவேண்டியிருந்த கான் திரைப்பட விழா வழமைபோல் நடைபெறவில்லை. செப்டெம்பரில் வெனிஸ் நகரத்தார் இருக்கைகளிடையே இடம்விட்டு விழா எடுத்தனர். டொரொன்டோ நகரத்தாரோ ஒரு பகுதியை அரங்கிலும் மறுபகுதியை இணையத்திலுமாக நடத்தினர். இவ்வாறு அரங்கும் இல்லமும் கலந்த ஒரு புதிய விழாமுறை தோன்றலாயிற்று.

இம்முறையில் நடந்த விழாக்களுள் எமது கருத்தைப் பெரிதுங் கவர்வது ஒல்லாந்து நாட்டு றொட்டர்டாம் நகரின் சர்வதேசத் திரைப்பட விழாவாகும். அதற்குக் காரணம் இரண்டு. தனது ஐம்பதாவது விழாவை அது நோய்க்காலத்திலே கொண்டாட நேர்ந்தமை ஒன்று. அவ்விழாவின் தலையாய விருதை ஒரு தமிழ்ப்படம் தட்டிச் சென்றமை மற்றொன்று.

றொட்டர்டாம் ஒரு பெருந் துறைமுகப் பட்டினம். 1940ஆம் ஆண்டு மே 14ஆந் திகதி ஜெர்மானியர் வீசிய குண்டுகளால் அதன் நடுநகரம் பாழாயிற்று. பின்னர் புதிதாய் எழுப்பப்பட்ட அந்நகரிலே 1972ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹூப் பால்ஸ் என்பார் திரைப்பட விழா ஒன்றைத் தொடக்கினார். முதல்நாட் காட்சிக்கு வந்தோர் எத்தனை பேர்? பதினேழு பேர்! எனினும் அவர் மனந்தளர்ந்தாரல்லர். விழா ஆண்டுதோறும் வளர்ந்து, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர் வருகையைக் காணும் நிலையை எய்தியது. புகழ்பெற்றோரைக் காட்டிலும் புதியோரைத் தேடிக் காண்பதே இதன் தனிச்சிறப்பு. வளரும் நெறியாளரின் படங்களுக்கெனப் ‘புலி விருது’ என்னும் பரிசும் இங்கு வழங்கப்படுகின்றது.

2021ஆம் ஆண்டு பிறந்தபோது ஒல்லாந்தின் படமாளிகைகள் மூடிக்கிடந்தன. ஜனவரி 23ஆந் திகதி முதல் இரவு ஒன்பது மணிக்கு ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தது. ஊரடங்கு என்பதன் பொருளை இலங்கை வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. விழா நடத்துவோர் விழாவை இரண்டாகப் பகுத்தனர். பெப்ரவரி 1 முதல் 7 வரை முதற்பகுதி இணையத்தில் நடந்தேறியது. அரங்குகள் திறக்குமென்ற நம்பிக்கையில் இரண்டாம் பகுதி ஜூன் 2 முதல் 6 வரை வைக்கப்பட்டது. மக்கள் வீட்டிலிருந்தவாறே நுழைவுச்சீட்டுப் பெற்றுக் கணினியிலோ தொலைக்காட்சியிலோ படம் பார்த்தனர். நெறியாளர்கள் தத்தம் நாட்டிலிருந்து திரை வாயிலாக அவர்களுடன் உரையாடினர்.

அவ்விணைய விழாவின் இறுதிநாளான பெப்ரவரி 7ஆந் திகதி, பி. எஸ். வினோத்ராஜ் நெறிப்படுத்திய ‘கூழாங்கல்’ புலி விருதை வென்றது. அது அவருடைய முதற்படம். மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்தில் எடுக்கப்பட்டது. குடிகாரத் தந்தை ஒருவன், கோபித்துப் பிறந்தகம் சென்ற மனைவியை அழைத்துவரத் தன் மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பும்போது பேருந்துக் காசு இல்லாமற்போக, இருவரும் கொதிக்கும் வெயிலில் நடக்கிறார்கள். தாகத்துக்குச் சிறுவன் வாயிலே ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொள்கிறான். ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஓடும் இப்படத்தில் பேச்சுக் குறைவு. மண்ணும் வெயிலும் மௌனமுமே பேசுகின்றன. இது விருது பெற்ற நாளில் ஒல்லாந்தோ கடும் பனிப்புயலிற் சிக்கியிருந்தது! வெளியே பனி கொட்ட, உள்ளே மேலூர்க் கரட்டு நிலத்தின் அனலைக் கண்ட அந்நாட்டு இல்லங்களை எண்ணிப் பார்த்தல் இன்பமே.

இனி, இப்புதிய முறையால் விளைந்த நன்மை தீமைகளைச் சீர்தூக்குவோம். நோயாளர், முதியோர், கைக்குழந்தையை விட்டகலமுடியாத தாய்மார், தூரத்துச் சிற்றூரார் ஆகிய இவர்களுக்கெல்லாம் முன்னர் எட்டாதிருந்த விழா, வீடு தேடி வந்தது. தெரிவும் நடுவர் தீர்ப்பும் தடையின்றி நடந்தன. அறிமுகமில்லாத ஒரு கலைஞரை உலகம் அறிந்துகொண்டது. இவை சிறிய பேறுகளல்ல.

ஆயின், இழந்தது யாது? மௌனத்தையே மொழியாகக் கொண்ட படத்துக்கு மௌனமான சபை வேண்டும். வீட்டிலோ தொலைபேசி அழைக்கும், அடுப்பிற் பால் பொங்கும், பிள்ளை அழும். அரங்கின் இருளில் நூறுபேர் ஒருங்கே மூச்சடக்கும் கணத்தைப் படைத்தவன் தன் செவியாற் கேட்பதற்கு ஈடு எதுவுமில்லை. முதற்படம் ஒருவனுக்கு வாழ்நாளில் ஒருமுறையே வாய்ப்பது.

இன்னுமொன்று உண்டு. இணையத்துக்கு எல்லையில்லை என்கிறோம், படத்துக்கோ எல்லையுண்டு. காட்டும் உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியே விலைபோவதால், அவ்விழாப் படங்கள் ஒல்லாந்தினுள்ளே மட்டுமே பார்க்கக் கிடைத்தன. றொட்டர்டாமில் ஒல்லாந்தர் தமது வரவேற்பறையிலிருந்து கண்ட தமிழ்ப்படத்தை, அந்நாளில் யாழ்ப்பாணத்துத் தமிழர் காணமுடியவில்லை. பொதுமக்களிடம் அது வந்தது 2023ஆம் ஆண்டு அக்டோபரிலேதான்; அதுவும் இணையவழி வெளியீடாகவே. வீடு தேடி வந்த விழா எல்லோர் வீட்டையும் தேடி வரவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

2022இலும் நோய் மிகுந்ததால் றொட்டர்டாம் விழா மீண்டும் இணையத்தில் ஒதுங்கியது. 2023இல் அரங்குகளில் அது திரும்பவும் நடந்தது, மக்களும் கூடினர். வீட்டுத் திரை போதுமென்றால் அவர்கள் குளிரில் ஏன் வந்தனர்? ஒன்றாயிருந்து பார்ப்பதிலே தனியே பார்ப்பதிற் கிட்டாத ஏதோ ஒன்று இருக்கின்றது. பக்கத்தில் இருப்பவர் எமக்கு வேடிக்கையாய்த் தோன்றிய இடத்திற் கண்கலங்குவதைக் கண்டு நாம் படத்தை மீள எண்ணுகிறோம். கலை மனிதரைப் பண்படுத்துவது இத்தகைய வேளையிலேதான்.

இன்று எம் இல்லங்களில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை. ஒரே கூரையின்கீழ் நான்கு பேர் நான்கு படம் பார்க்கின்றனர். நோய் அகன்றது, அது பழக்கிய தனிமை அகலவில்லை. இதற்கு மாற்று எம் கையிலேயே உண்டு. பாடசாலைகளில் மாணவர் திரைப்படக் கழகம் அமைக்கலாம். மாதம் ஒருமுறை நல்ல படமொன்றை முறைப்படி பெற்றுக் காட்டி, முடிந்ததும் அரைமணி நேரம் பேசலாம். குடும்பத்தார் வாரத்தில் ஓரிரவு கைத்தொலைபேசிகளை ஒதுக்கிவைத்து ஒரு படத்தைச் சேர்ந்திருந்து பார்க்கலாம். வருவோர் தொகை சிறிதென்று எவரும் கவலுறல் வேண்டா. றொட்டர்டாமில் முதல்நாள் வந்தவரும் பதினேழு பேரே.