பத்து வினாக்கள்

அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில், அரசின் அதிகாரத்தைச் சுருக்கித் தனிமனித உரிமையைப் பெருக்க விழையும் சங்கத்தார், மேசையிட்டு மாணவரை அழைப்பதுண்டு. 1980-களில் உருவான சிறு வினாத்தாள் ஒன்று அவர்தம் கருவி. தனிவாழ்வு குறித்து ஐந்து வினாக்கள். பொருளியல் குறித்து ஐந்து. விடைகளைக் கூட்டி, மாணவன் எக்கொள்கையினன் என்று ஒரு கட்டத்தில் புள்ளியிட்டுக் காட்டுவர்.

கட்டாயப் படைச்சேர்ப்பு வேண்டுமா என்பதும் அவ்வினாக்களுள் ஒன்று. அது விளையாட்டு வினாவன்று. வியட்நாம் போர்க்காலத்தில், 1960-இல் தோன்றிய 'சுதந்திரத்திற்கான இளம் அமெரிக்கர்' சங்கம், 1969-ஆம் ஆண்டு செயின்ட் லூயி மாநாட்டில் அவ்வினாவால் பிளவுற்றது. 1973-இல் அம்முறை நின்றது.

நான் பல்லாண்டுகள் வினாத்தாள் வகுத்தவன். வினாவின் வாசகமே விடையைச் சாய்க்கும் என்பதை அறிவேன். ஆதலின் எச்சங்கத்தார் அழைப்பினும், கையொப்பமிடுமுன் அவர் கேளாத வினா எது என்று எண்ணிப் பாருங்கள். நானாயின், ஏழைப் பிள்ளையின் பள்ளிச் சம்பளத்தை எவர் செலுத்துவார் என்று கேட்பேன்.