புனே – மும்பை ரயிலை கம்ப்யூட்டரில் ஓட்டினால் நேரம் ஏன் ஒத்துப்போவதில்லை?

டெக்கான் குயின் காலை 7.15-க்கு புனேயில் கிளம்பி 10.25-க்கு மும்பை சிஎஸ்எம்டி சேரும் ரயில். 192 கி.மீ. தூரம், 3 மணி 10 நிமிடம். கணக்குப் போட்டால் சராசரியாக மணிக்கு 60 கி.மீ. வேகம். ரயில் சிமுலேட்டர் கேமில் இந்தப் பாதையை நீங்களே உருவாக்கி, ரயில்வேயின் நேர அட்டவணையை அப்படியே போட்டு ஓட்டிப் பாருங்கள். லோனாவாலா வரை ஓரளவு சரியாக வரும். அதற்குப் பிறகு கர்ஜத்துக்கு முன்கூட்டியே வந்து, அடுத்த சிக்னலில் சும்மா நின்றுகொண்டிருக்கும்.

தப்பு அட்டவணையில் இல்லை. அட்டவணையில் எழுதாமல் விட்ட விஷயங்கள்தான் காரணம்.

மலை எங்கே போனது?

லோனாவாலாவுக்கும் கர்ஜத்துக்கும் நடுவே இருப்பது போர் காட். (சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'காட்' என்றால் மலைப்பாதை.) 1863-இல் திறக்கப்பட்ட இந்தப் பாதையில், 30 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில் ரயில் அரை கிலோமீட்டருக்கு மேல் ஏறவோ இறங்கவோ வேண்டும். மிகச் செங்குத்தான இடங்களில் சரிவு 37-க்கு 1. அதாவது 37 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். கேட்க சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு எல்எச்பி பெட்டி சுமார் 24 மீட்டர் நீளம். 16 பெட்டி ரயில் அந்தச் சரிவில் நின்றால் தலைக்கும் வாலுக்கும் 10 மீட்டர் உயர வித்தியாசம், மூணு மாடிக் கட்டிடம் அளவுக்கு.

பாதை உருவாக்குபவர்கள் பலரும் உயரத்தை எஸ்ஆர்டிஎம் எனும் விண்வெளித் தரவிலிருந்து எடுப்பார்கள். 2000-ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்தது, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. 37-க்கு 1 சரிவில் 30 மீட்டருக்கு உயரம் மாறுவது வெறும் 80 சென்டிமீட்டர். அந்தத் தரவின் பிழையே சில மீட்டர் இருக்கும்! போதாக்குறைக்கு ரேடார் பார்ப்பது மலையுச்சியை, சுரங்கத்துக்குள் போகும் தண்டவாளத்தை அல்ல. அதை நம்பித் தண்டவாளம் போட்டால் ரயில் ரோலர் கோஸ்டர் மாதிரி ஏறி இறங்கும். எனவே வேலையைத் தலைகீழாகச் செய்யுங்கள். இரு முனை நிலையங்களின் உயரத்தையும் சரிவு விகிதத்தையும் வைத்து முதலில் தண்டவாளத்தைப் போடுங்கள். பிறகு நிலத்தைத் தண்டவாளத்துக்கு ஏற்ப வெட்டுங்கள். உண்மையில் ரயில்வே செய்ததும் இதைத்தானே.

ஏறுவதும் இறங்குவதும் ஒன்றல்ல

இங்கே புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள்: மும்பையிலிருந்து புனே போவது 'டவுன்' ரயில், ஆனால் அதுதான் மலை ஏறும். ஏறும் ரயில் கர்ஜத்தில் நிற்கும், பின்னால் 'பேங்கர்' என்ற தள்ளு எஞ்சின்களை மாட்டுவார்கள். அவை கீழிருந்து தள்ளிக்கொண்டே வந்து, மேலே ஏறியதும் கழன்றுகொள்ளும். கேமில் இந்த எஞ்சின்கள் இல்லாமல் ரயில் சுலபமாக ஏறுகிறது என்றால், உங்கள் சரிவோ ரயிலின் எடையோ தப்பு என்று அர்த்தம்.

இறங்கும் ரயிலின் கதை வேறு. மங்க்கி ஹில் பகுதியில் நின்று, வண்டி பிரேக்குக்குக் கட்டுப்படுகிறது என்று காட்ட வேண்டும். கட்டுப்படாமல் ஓடும் ரயிலைப் பிடிக்க மேட்டை நோக்கிப் போகும் 'கேட்ச் சைடிங்' தண்டவாளங்களும் இந்த மலையில் உண்டு. பயணிகள் பார்க்கும் அட்டவணையில் இந்த நிறுத்தம் வராது. அந்த இடத்தில் பிளாட்ஃபார அடையாளம் ஒன்றை வைத்து, அட்டவணையில் சில நிமிடம் நிறுத்துங்கள். காலை ரயில் முந்தி வரும் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

பெரும்பாலானோர் மறக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. மேலே போன பேங்கர் எஞ்சின்கள் மறுபடி கர்ஜத்துக்கு இறங்க வேண்டாமா? அந்த எஞ்சின்களுக்கும் தண்டவாளத்தில் இடம் வேண்டும். மலையில் மூன்று தண்டவாளம் இருப்பதால் சமாளிக்கலாம், ஆனால் அட்டவணையில் அவற்றுக்கும் தனி ரயிலாக இடம் ஒதுக்க வேண்டும். இதைச் சேர்த்த பிறகுதான் கர்ஜத் நிஜமான கர்ஜத் மாதிரி பரபரப்பாகத் தெரிய ஆரம்பிக்கும்.

எப்படி எழுதுவது?

மைக்ரோசாஃப்ட் 2001-இல் வெளியிட்ட ட்ரெயின் சிமுலேட்டரின் பாதைகளை இன்றும் ஓட்டவைக்கும் இலவச மென்பொருள் ஓபன் ரெயில்ஸ். இதில் அட்டவணை என்பது ஒரு ஸ்ப்ரெட்ஷீட்தான். நிலையங்கள் வரிசையாகக் கீழே, ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு நெடுவரிசை. எக்செல் தெரிந்தால் போதும்.

ஆனால் உடனே எண்களை டைப் செய்யாதீர்கள். ஒரு பக்கம் தூரம், ஒரு பக்கம் நேரம் வைத்து ஒவ்வொரு ரயிலையும் ஒரு கோடாக வரையுங்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கத்துக்கு வந்த முறை இது. புனே – லோனாவாலா இடையே லோக்கலும் எக்ஸ்பிரஸும் ஒரே ஜோடித் தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. நிலையம் இல்லாத இடத்தில் ஒரே திசையில் போகும் இரண்டு கோடுகள் வெட்டினால், எக்ஸ்பிரஸ் லோக்கலின் முதுகில் போய் நிற்கிறது என்று பொருள். லோக்கலை முன்கூட்டியே ஒரு லூப் லைனில் ஒதுக்கியாக வேண்டும்.

கடைசியாக எழுத்துப் பிழை. அட்டவணையில் உள்ள நிலையத்தின் பெயர் பாதையில் உள்ள பிளாட்ஃபார்மின் பெயரோடு அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். ரயில் கர்ஜத்தில் நிற்காமல் போனால், பிரேக்கைச் சந்தேகப்படும் முன் ஸ்பெல்லிங்கைப் பாருங்கள்.