பல அறைத் தொட்டியில் அலங்கார இறால் வளர்ப்பு

இறால் என்றதும் பொதட்டூர்பேட்டைப் பக்கத்துக் குடியானவர்களுக்குப் பழவேற்காட்டு உப்பங்கழியும் கடலோரப் பண்ணைகளுமே நினைவுக்கு வரும். கிணற்று நீரை நம்பிப் பயிரிடும் நமக்கு அத்தொழில் ஒவ்வாதென்பது மெய்யே. ஆயினும் ஈண்டுக் கூறப்புகுவது உணவுக்குரிய இறாலன்று. கண்ணாடித் தொட்டியில் அழகின்பொருட்டு வளர்க்கப்படும், ஏறக்குறைய ஓரங்குல நீளமேயுள்ள நன்னீர்ச் சிற்றிறாலாகும். இவற்றுள் செர்ரி இறால் என்பது நமது ஆழ்குழாய்க் கிணறுகளின் கடின நீரையும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். சென்னைக் கொளத்தூரில் அலங்கார மீன் வியாபாரம் பெருகியிருப்பதால், வீட்டுத் திண்ணையளவு இடமுடையவரும் இதனைத் துணைத்தொழிலாகக் கொள்ளக் கூடும். 2020ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அலங்கார மீன் வளர்ப்புக்கும் மானியம் வகுக்கப்பட்டது.

சிவப்பு, மஞ்சள், நீலம் எனப் பல நிறங்களில் விற்கப்படும் செர்ரி இறால்கள் யாவும் ஒரே இனம். இருநிறத்தவை ஒருங்கே இருப்பின் கலந்து ஈனும். குஞ்சுகள் சில தலைமுறைக்குள் மங்கிய பழுப்பு நிறத்துக்குத் திரும்பிவிடும். அவற்றை வாங்குவோர் அரியர். ஆகையால் நிறத்துக்கோர் அறை வேண்டும். அறைகளைத் தடுக்கும் முறையில்தான் இத்தொழிலின் ஆக்கமும் கேடும் அடங்கியுள்ளன.

சில ஆண்டுகளுக்குமுன் இவ்வட்டாரத்துக் குடியானவர் ஒருவர் என் யோசனையின்படியே நான்கடித் தொட்டியொன்றைப் பிளாஸ்டிக் வலைத் தட்டிகளால் மூன்றாகத் தடுத்தார். வடிகட்டியை ஒரு கோடியில் அமைத்தோம். நீர் வலையினூடே சென்று மூன்றறைகளையும் சுத்தஞ்செய்யும் என்பது என் எண்ணம். இரண்டு மாதத்தில் வலைக் கண்களில் பாசி படிந்து அடைத்துக்கொண்டது. கடையறையில் நீர் அசையாது நின்றது. எஞ்சிய தீனி அழுகி அம்மோனியா மிகுந்தது. ஒரே இரவில் அவ்வறை இறால்கள் யாவும் மாண்டன. அடைபடாதிருக்கப் பெரிய கண்ணுள்ள வலையை மாற்றினோம். புதிதாய்ப் பொரித்த குஞ்சின் நீளம் சுமார் 2 மில்லிமீட்டரே; அவை வலையைக் கடந்து நிறங்கள் கலந்தன. கண் சிறிதாயின் அடைபடும், பெரிதாயின் குஞ்சு தப்பும். இதனை முன்னரே யோசியாதது என் பிழை, நஷ்டமோ அவருடையது.

வயலுக்கு வயல் நீர் வழியவிட்டுப் பாய்ச்சினால் மேல்வயலின் உரம் கீழ்வயலுக்குப் போவதையும், வாய்மடையும் வடிமடையும் தனித்தனியே உள்ள வயலில் அத்தொல்லை இராததையும் குடியானவர் நன்கறிவர். தொட்டியும் அவ்வாறே. அறைகளுக்கிடையே துளையற்ற கண்ணாடியையே சிலிகான் பசையால் ஒட்டுதல் வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனி வடிகட்டி வேண்டும். 120 சென்டிமீட்டர் நீளமும் 45 அகலமுமுள்ள தொட்டியை நான்காகத் தடுத்து 30 சென்டிமீட்டர் உயரம் நீர் நிறைத்தால் அறைக்குச் சுமார் 40 லிட்டர் நிற்கும். ஓரறையை முற்றிலும் இறைத்துவிட்டுப் பக்கத்தறையை நிறைய வைத்திருக்கலாகாது. நீரின் பாரத்தால் தடுப்பின் ஒட்டு விட்டுப்போகும்.

வடிகட்டிக்கு ஸ்பஞ்சே உத்தமம். ஸ்பஞ்சின் நடுவிலுள்ள குழாயில் காற்றைச் செலுத்தினால் குமிழிகள் மேலெழும்போது நீரையும் உடன் ஏற்றிக்கொண்டு போகும். அவ்விடத்துக்கு வேறு நீர் ஸ்பஞ்சினூடே இழுக்கப்படும். குஞ்சுகள் அதில் அகப்படா. காற்றுப் பம்பு ஒன்றே நான்கு அறைகளுக்கும் போதும். அறைக்கொரு சிறு குழாயும் அதில் ஒரு திருகும் வைத்துக் காற்றைச் சமன்செய்துகொள்ளலாம். செடியின் இலை மெல்ல அசையுமளவு ஓட்டமே போதுமானது. பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைத்தல் அவசியம்; கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் நீர் குழாய்வழியே பம்புக்குள் இறங்கிவிடும். மின்தடைக்கென மின்கலத்தால் ஓடும் பம்பொன்று கைவசம் இருக்கட்டும்.

எல்லா அறைகளுக்கும் பொதுவான கீழ்த்தொட்டி வைத்து, அறைதோறும் நீரை வார்த்து அறைதோறும் வடித்தெடுக்கும் முறையும் உண்டு. நீரின் மொத்த அளவு கூடுவதால் குணம் சட்டென மாறாது; ஆனால் ஓரறையின் நோய் நான்குக்கும் பரவும். தொடக்கக்காரருக்கு அதனை நான் சிபாரிசு செய்வதில்லை.

ஸ்பஞ்சு அழுக்கை மட்டும் பிடிப்பதன்று. அதில் குடியேறும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் அதிகம் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். நாற்றங்கால் பதப்படுமுன் விதைப்பாரில்லை. இறாலை மட்டும் தொட்டி வாங்கிய அன்றே விட்டு ஏமாறுகிறார்கள். ஸ்பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் அலசினால் நுண்ணுயிர்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிதல் வேண்டும். நாளொன்றுக்கு இடும் தீனி இரண்டொரு மணி நேரத்துள் தீருமளவே இருத்தல் நலம்.

கோடையில் நீரின் உஷ்ணம் 30 டிகிரியைத் தாண்டவிடலாகாது. நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறி வீசச்செய்தால் ஓரிரண்டு டிகிரி குறையும்; ஆவியாகும் நீருக்கு ஈடாகக் கொதித்தாறிய மழைநீரை வார்ப்பது நன்று. கிணற்று நீரையே வார்த்துக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

பூச்சிமருந்து இறாலுக்குக் கொடிய விஷம். பயிருக்குத் தெளித்த கையைத் தொட்டியில் இடலாகாது. கொசுவர்த்தி எரியும் அறையில் காற்றுப் பம்பை வைத்தலும் தவறு. தாமிரமும் ஆகாது. நெசவும் சாயமும் உள்ள வீடுகளில், சாயத்துக்குப் புழங்கிய வாளியைத் தொட்டிக்கு எடுக்கவே கூடாது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விறால் நம் நாட்டுக்குரியதன்று. தடைசெய்யப்பட்டிருந்தும் ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நீர்நிலைகளில் பரவியதை யாவரும் அறிவர். வளர்ப்போர் கழிநீரை ஏரியிலோ வாய்க்காலிலோ விடாமல், மெல்லிய துணியில் வடித்துத் தென்னம்பாத்தியில் ஊற்றும்படி அறிவுறுத்துவீர்களாக.