சர்க்கஸிலிருந்து மீட்கப்பட்ட சிங்கங்கள் எங்கே போயின?

அப்பா தன் வாழ்நாளில் சிங்கம் கர்ச்சிப்பதை ஒரேயொரு தடவைதான் நேரில் கேட்டிருக்கிறார். அறுபதுகளின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த சர்க்கஸ் கம்பனியொன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் கூடாரம் அடித்திருந்தது. அவருக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. கூடாரத்துக்குள் பார்த்தவற்றில் பாதி மறந்துவிட்டது. ஆனால், அன்றிரவு வீட்டு விறாந்தையில் படுத்திருந்தபோது கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த அந்தச் சத்தத்தை இப்போதும் சொல்லுவார்.

சர்க்கஸில் காட்டு விலங்குகளைத் தடைசெய்வது பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, முதல் எதிர்ப்பு அவரிடமிருந்துதான் வந்தது. “சர்க்கஸ் வராட்டி எங்களை மாதிரி ஆக்கள் சிங்கத்தை எங்கை பிள்ளை பார்க்கிறது? கொழும்புக்குப் போய்ப் பார்க்க ஆர் காசு தந்தது?”

சுலபமாகத் தட்டிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. சர்க்கஸ் முதலாளிகள் நீதிமன்றத்தில் முன்வைத்த வாதங்களை விட எனக்கு இது வலுவானதாகத் தெரிகிறது. ஆனாலும், நான் அப்பாவின் பக்கம் இல்லை. ஏனென்று விளக்குவதற்கு, அந்தக் கம்பனி வந்த நாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

இந்திய சர்க்கஸின் தாய்வீடு கேரளாவின் தலச்சேரி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் அங்கு நடத்திய பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தவர்களும் அவர்களது சீடர்களும்தான் பிற்காலத்தில் பல கம்பனிகளை நிறுவினார்கள், நடத்தினார்கள். கம்பியில் நடப்பவர், பாரில் பறப்பவர், கோமாளி என்று எத்தனை பேர் இருந்தாலும் சுவரொட்டியில் முன்னால் நின்றது சிங்கமும் புலியும்தான்.

1960இல் இயற்றப்பட்ட இந்தியாவின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, குறிப்பிட்ட விலங்குகளை வித்தை காட்டப் பழக்கவோ காட்சிப்படுத்தவோ கூடாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்குகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தூங்கிக் கிடந்த பிரிவு அது. 1991இல் முதல் அறிவித்தல் வந்தது, சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள், அரசு மீண்டும் ஆராய வேண்டியதாயிற்று. 1998 ஒக்டோபரில் வந்த அறிவித்தல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் பட்டியலிட்டது. மறுபடியும் வழக்கு. தொழில் செய்வதற்கான அரசியலமைப்பு உரிமை பறிக்கப்படுகிறது என்பது உரிமையாளர்களின் வாதம். 2000 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அதை நிராகரித்தது. அடிப்படை உரிமைகள் மனிதருக்கு மட்டும்தானா என்று அந்தத் தீர்ப்பு கேட்டது பரவலாகப் பேசப்பட்டது. 2001 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதிசெய்தது.

யானை அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. ஏன் இல்லை என்பதற்குத் திருப்தியான பதிலை நான் எங்கும் வாசித்ததில்லை.

இந்தப் பட்டியலுக்கு இன்னொரு கதையும் உண்டு. 2011இல் இதே பட்டியலில் காளையும் சேர்க்கப்பட்டது. ஜல்லிக்கட்டுக்கு எதிராக 2014இல் வந்த தீர்ப்புக்கு அடிப்படையாக அமைந்தது அந்த ஒரு சொல்தான். 2017 மெரினா போராட்டத்தை இங்கிருந்து இரவிரவாக நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் எத்தனை பேருக்கு, விவகாரம் சர்க்கஸ் சிங்கத்தின் பட்டியலிலிருந்து தொடங்கியது என்று தெரிந்திருந்தது? எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சிங்கத்தை முக்காலியில் ஏற்றுவது எப்படி? சாட்டை அடி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அடியும் பட்டினியும் பல இடங்களில் இருந்தன என்பது உண்மை. ஆனால், வித்தையின் அடிப்படை வேறு. சுவிட்சர்லாந்தின் மிருகக்காட்சிசாலைப் பணிப்பாளராக இருந்த ஹைனி ஹெடிகர் அதை விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு விலங்குக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. நீங்கள் முதல் எல்லையைத் தாண்டி நெருங்கினால் அது விலகி ஓடும். ஓட இடமில்லாத நிலையில் இன்னும் நெருங்கி இரண்டாவது எல்லையையும் தாண்டினால் உங்கள் மீது பாயும். பழக்குபவர் இந்த இரண்டாவது எல்லையில்தான் நின்று விளையாடுகிறார். ஒரு அடி முன்னே வைத்தால் சிங்கம் அவரை நோக்கி வரும், இடையில் இருக்கும் முக்காலியில் ஏறும், அவர் பின்வாங்குவார், சிங்கம் அங்கேயே நின்றுவிடும். பார்ப்பவர்களுக்கு அது கீழ்ப்படிதல். சிங்கத்துக்கு அது பாதியில் நிறுத்தப்பட்ட தாக்குதல். ஒவ்வொரு காட்சியிலும் அதே பயத்தின் விளிம்புக்கு அந்த விலங்கைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அடிக்காமல் பழக்குகிறோம் என்ற வாதம் என்னைச் சமாதானப்படுத்தாததற்குக் காரணம் இதுதான்.

தடை வென்ற பின் நடந்ததைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. தீர்ப்புக்குப் பின் நூற்றுக்கணக்கான சிங்கங்களும் புலிகளும் கம்பனிகளிடமிருந்து எடுக்கப்பட்டன. இந்தியாவின் மத்திய மிருகக்காட்சிசாலை அதிகார சபை சென்னை வண்டலூர், பெங்களூர் பன்னர்கட்டா, திருப்பதி, விசாகப்பட்டினம், ஜெய்ப்பூர், போபால் போன்ற இடங்களில் மீட்பு நிலையங்களை அமைத்தது. அவற்றைக் காட்டில் விட முடியாது. பிறந்ததிலிருந்து வேட்டையாடியதில்லை, மனிதரைக் கண்டு ஒதுங்கத் தெரியாது. மிருகக்காட்சிசாலைகளில் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாது. சர்க்கஸ் சிங்கங்களில் மிகப் பெரும்பாலானவை ஆபிரிக்க, ஆசிய வகைகளின் கலப்பு. குஜராத்தின் கிர் காட்டில் எஞ்சியிருக்கும் தூய ஆசியச் சிங்கத்தோடு அவை கலந்துவிடக் கூடாது என்பதால் அவற்றுக்குக் கருத்தடை செய்யப்பட்டது. ஆக, மீட்கப்பட்ட சிங்கங்கள் பார்வையாளருக்குக் காட்டப்படாத அடைப்புகளில், குட்டி ஈனாமல், வயதாகி ஒவ்வொன்றாக இறந்தன. சாகும் வரை தீனி போடுவதுதான் திட்டம்.

இது தோல்வியா? நான் அப்படி நினைக்கவில்லை. ஊர் ஊராக லொறிக் கூண்டில் இழுபடுவதை விட அது எவ்வளவோ மேல். ஆனால், ‘விடுதலை’ என்ற சொல்லை அதற்குப் பயன்படுத்த எனக்குக் கை வருவதில்லை. கூண்டிலிருந்து அவை இன்னொரு, சற்றுப் பெரிய கூண்டுக்குத்தான் போயின.

அப்படியானால் மிருகக்காட்சிசாலை மட்டும் சரியா என்ற கேள்வி வரத்தான் செய்யும். 2003இல் நேச்சர் சஞ்சிகையில் ரோஸ் கிளப், ஜோர்ஜியா மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. 35 வகை ஊனுண்ணிகளை ஒப்பிட்ட அவர்கள், இயற்கையில் எந்த விலங்கு எவ்வளவு பரந்த நிலத்தில் அலைகிறதோ அந்தளவுக்கு அது அடைப்பில் துன்பப்படுகிறது என்று கண்டார்கள். ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடப்பதும் குட்டிகள் இறப்பதும் அத்தகைய விலங்குகளிடம் அதிகம். பனிக்கரடிக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் அடைப்பு அதன் இயல்பான வாழிடத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. பூனைக் குடும்பம் முழுவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

இங்கிலாந்தில் இன்னொரு விதமான சிக்கல் வந்தது. அரசாங்கம் கேட்டுக்கொண்டதன்படி 2007இல் தயாரான அறிக்கை, சர்க்கஸ் விலங்குகளின் நலன் ஏனைய அடைப்புகளில் உள்ளவற்றை விட மோசம் என்று காட்டப் போதிய விஞ்ஞானச் சான்று இல்லை என்றது. பன்னிரண்டு ஆண்டுகள் இழுபட்டு, 2019இல் சட்டம் வந்தபோது அதன் நியாயம் விஞ்ஞானத்தின் மேல் நிற்கவில்லை, அறத்தின் மேல் நின்றது. காட்டு விலங்கைக் கோமாளியாக்குவது இந்தக் காலத்துக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். பொலிவியா 2009இலேயே தடைசெய்துவிட்டது. பிரான்ஸ் 2028 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது.

எங்கள் தெஹிவளையும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. ஹம்பர்க் நகரின் கார்ல் ஹாகன்பெக் 19ஆம் நூற்றாண்டில் உலகின் மிகப் பெரிய விலங்கு வியாபாரிகளில் ஒருவர். சர்க்கஸும் நடத்தினார். 1907இல் கம்பி இல்லாமல் அகழியால் பிரிக்கப்பட்ட மிருகக்காட்சிசாலையைத் திறந்தவரும் அவரே. அவருடைய தந்தைவழிச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் குடியேறி வியாபாரம் செய்தார். பிற நாடுகளுக்கு அனுப்புவதற்காக அவர் தெஹிவளையில் சேர்த்து வைத்திருந்த விலங்குகள்தான் இன்றைய மிருகக்காட்சிசாலையின் தொடக்கம். கம்பனி மூடப்பட, 1936இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. சர்க்கஸும் மிருகக்காட்சிசாலையும் ஒரே குடும்பத்தின் இரண்டு கடைகள். 1880களில் கார்ல் ஹாகன்பெக் யானைகளோடு இலங்கை மனிதர்களையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்க் காசு வாங்கிக் காட்டினார் என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியவில்லை.

சட்டத்தைப் பார்த்தால், இந்தியாவின் 22ஆம் பிரிவு போன்ற ஒன்றை நாங்கள் கனவு காணும் நிலையில்தான் இருக்கிறோம். எங்கள் விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அது விதித்த உச்ச அபராதம் 100 ரூபா. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டத்துக்கு வரைபு தயாரித்தது. அதன் பின் பதினைந்து ஆண்டுகள் போன பிறகும் அது நிறைவேறியிருக்கவில்லை. 2016இல் ரிதியகமவில் 500 ஏக்கரில் சபாரிப் பூங்கா திறக்கப்பட்டது நல்ல மாற்றம்தான். அங்கு சிங்கம் இருக்கும் இடத்துக்குள் கம்பியடித்த பஸ்ஸில் நாங்கள் போகிறோம். அடைபட்டிருப்பது நாங்கள்.

அப்பாவின் கேள்விக்கு நான் கொடுத்த பதில் அரைகுறையானது. அவர் பார்த்தது சிங்கத்தை அல்ல, முக்காலியில் உட்கார்ந்திருந்த ஒன்றை என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இரவு கத்தினது சிங்கம்தானே?” என்றார்.

அடுத்த மாதம் அக்காவின் மகன் பாடசாலைச் சுற்றுலாவில் தெஹிவளைக்குப் போகிறான். அனுப்ப வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அப்பாதான் காசும் கொடுத்தார். புலிக் கூண்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று, திரும்புவதற்கு முன் அது எத்தனை அடி வைக்கிறது என்று எண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.