ஏர் கன்னுக்கு எந்த ஸ்கோப்? பெரிதாகக் காட்டுவதெல்லாம் நல்லதல்ல

இணையக் கடைகளில் ஏர் கன் தேடினால், கூடவே ‘3-9x40’, ‘4-16x50’ என்று எண் போட்ட ஸ்கோப்புகளும் வந்து நிற்கின்றன. துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்க உதவும் இந்தத் தொலைநோக்கிகளில் எதை வாங்குவது? அதற்கு முன், எதற்காக வாங்குவது? நம் ஊரான செஞ்சியைச் சுற்றிப் பாறைக் குன்றுகளும் காப்புக்காடுகளும் இருப்பதால், பதிலைச் சட்டத்திலிருந்து தொடங்குவதே நல்லது.

வேட்டைக்கு வாங்கலாமா?

கூடாது. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். நாட்டுத் துப்பாக்கியால் சுட்டாலும் ஏர் கன்னால் சுட்டாலும் சட்டத்தின் பார்வையில் ஒன்றுதான். மயில் போல முதல் அட்டவணையில் உள்ள உயிரினத்தைக் கொன்றால், குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

‘மணிலாக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டுவிடுகிறதே, அதையாவது சுடக்கூடாதா?’ என்று விவசாயிகள் கேட்பதில் நியாயம் உண்டு. 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை, பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கும் அப்பால் வந்தால் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறையினர் மட்டுமே. நிலத்துக்காரர் துப்பாக்கியைத் தூக்க இதில் இடமில்லை.

ஆக, மிஞ்சுவது தாள் இலக்கு. 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டைச் சுடும், 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். அதற்கு மேல் போனால் ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம்.

போட்டிக்கு ஸ்கோப் தேவையா?

பலர் அறியாத செய்தி இது: ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. 2008-ல் அபினவ் பிந்த்ரா வென்ற தங்கமும், 2012-ல் ககன் நாரங் வென்ற வெண்கலமும், 2024-ல் ஸ்வப்னில் குசாலே வென்ற வெண்கலமும் ஸ்கோப் இல்லாமல் வந்தவை. பக்கத்து மாவட்டமான கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் உலகக் கோப்பைத் தங்கத்தைச் சுட்டதும் அப்படித்தான். அவர்கள் பயன்படுத்துவது ‘பீப் சைட்’. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம். இரண்டுக்கும் நடுவே இலக்கை நிறுத்திச் சுட வேண்டும். 10 மீட்டர் தொலைவில் பத்துப் புள்ளிக்கான பொட்டின் அளவு வெறும் அரை மில்லிமீட்டர்.

விதிவிலக்கு, நகரும் இலக்கைச் சுடும் ‘ரன்னிங் டார்கெட்’. ஓடும் பன்றியின் படத்தைச் சுடும் பழைய போட்டியின் வழிவந்தது இது. 10 மீட்டர் பிரிவு 1992 முதல் 2004 வரை ஒலிம்பிக்கில் இருந்தது. அதில் ஸ்கோப் உண்டு. ஆனால் 4 மடங்குக்கு மேல் பெரிதாக்கக்கூடாது.

பெட்டியின் மேல் உள்ள எண்கள் என்ன சொல்கின்றன?

‘3-9x40’ என்றால், காட்சியை 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கலாம். முன்பக்க வில்லையின் குறுக்களவு 40 மில்லிமீட்டர். இந்த 40-ஐ மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 4 மடங்கில் வைத்தால் 10 மில்லிமீட்டர், 9 மடங்கில் சுமார் 4.4. இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது குறையும். மடங்கைக் கூட்டினால் ஒளிவட்டம் கண்மணியைவிடச் சிறுத்து, மங்கிய வெளிச்சத்தில் காட்சியும் மங்கும். கை நடுக்கமும் அதே மடங்கில் பெரிதாகத் தெரியும், பார்க்கும் பரப்பும் சுருங்கும். 10 முதல் 25 மீட்டர் வரை சுடுபவருக்கு 4 முதல் 9 மடங்கு தாராளம்.

விலை உயர்ந்த ஸ்கோப் ஏன் ஏர் கன்னில் பழுதாகிறது?

பெரிய தோட்டாத் துப்பாக்கி பின்னோக்கி மட்டுமே உதைக்கும். ஸ்கோப்புகள் பெரும்பாலும் அந்த உதையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிள் முதலில் பின்னால் உதைக்கும். உள்ளே பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னாலும் இழுக்கும். இந்த இரட்டை உதையில் உள்ளிருக்கும் வில்லைகளும் குறுக்குக் கோடும் ஆட்டம் கண்டுவிடும். ஆகவே ஸ்பிரிங் துப்பாக்கிக்கு, ‘ஏர் கன்னுக்கானது’ என்று தயாரிப்பாளரே உறுதி தரும் ஸ்கோப்பையே வாங்க வேண்டும். காற்றழுத்தக் குடுவை வைத்த பி.சி.பி. ரகத்தில் இந்தத் தொல்லை இல்லை.

பாரலாக்ஸ் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது?

துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அதை மணல் மூட்டைமேல் அசையாமல் வையுங்கள். 10 மீட்டரில் ஒரு தாள் இலக்கை ஒட்டிவிட்டு, துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் இடவலமாக அசைத்துப் பாருங்கள். குறுக்குக் கோடு இலக்கின்மேல் நகர்ந்தால் அதுதான் பாரலாக்ஸ் பிழை. பெரிய ரைபிள்களுக்கான பல ஸ்கோப்புகளை 100 கஜத்துக்கு, அதாவது சுமார் 91 மீட்டருக்குச் சரிசெய்து விற்கிறார்கள். 10 மீட்டரில் அவை ஏமாற்றும். தொலைவைத் திருகிச் சரிசெய்யும் வசதி உள்ளதா, அது 10 மீட்டர் வரை இறங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

கிளிக் என்பது என்ன?

மேலேயும் பக்கவாட்டிலும் உள்ள குமிழ்களைத் திருகினால், ஒவ்வொரு ‘கிளிக்’ ஒலிக்கும் ஒரு படியாகக் குண்டு படும் இடம் நகரும். எம்.ஓ.ஏ. என்பது கோணத்தை அளக்கும் அலகு. ‘கால் எம்.ஓ.ஏ.’ ஸ்கோப்பில் ஒரு கிளிக், 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர். 10 மீட்டரில் 0.7 மட்டுமே. ஆகவே 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்பட்டால், 14 கிளிக் திருக வேண்டும். வழக்கமாகச் சுடும் தொலைவிலேயே, மூன்று நான்கு குண்டுகள் ஒரே இடத்தில் விழுந்த பிறகு திருகுங்கள். ஒரு குண்டை நம்பித் திருகினால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களும் முக்கியம். ஏர் ரைபிள்கள் பலவற்றில் 11 மில்லிமீட்டர் தடம் இருக்கும். பெரிய ரைபிளுக்கான அகலமான பிடி அதில் உட்காராது. உதையில் ஸ்கோப் பின்னால் நழுவாமல் தடுக்கும் முள் உள்ள பிடியாகப் பாருங்கள்.

வாங்கும் வரிசை இதுதான்: முதலில் சட்டம், அடுத்து போட்டி விதி, பிறகு துப்பாக்கியின் ரகம், சுடும் தொலைவு, கடைசியாக ஸ்கோப். பிள்ளைக்குப் போட்டியில் ஆர்வம் இருந்தால் ஸ்கோப்புக்கே செலவழிக்காதீர்கள். ரைபிள் கிளப்பில் சேர்த்து, பீப் சைட்டில் பழக்குங்கள். பதக்கத்துக்கான வழி அதுதான்.