தீவின் உயிர்வளமும் நாட்டுத் திட்டமும்

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மா. கோயிலோடு இணைத்த மரத்தின்மீது எவரும் கோடரி வைக்கத் துணியார் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். ஆயினும், ஒரு மரத்தைக் காப்பதற்கும் ஒரு நாட்டின் உயிர்வளம் முழுவதையும் காப்பதற்கும் இடையே பெருந்தொலைவு உண்டு. முன்னதற்குப் பற்று போதும். பின்னதற்குக் கணக்கெடுப்பும் சட்டமும் நிதியும் பல துறைகளின் உடன்பாடும் வேண்டும். இதன் அருமையையும் இடர்ப்பாட்டையும் அறிவதற்குப் பாக் நீரிணைக்கு அப்பாலுள்ள இலங்கை தக்க சான்றாகும்.

இலங்கையின் பரப்பு ஏறத்தாழ 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதியே. ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலையுடன் சேர்த்து, அழிவின் விளிம்பில் நிற்கும் உலக உயிர்வளச் செழிப்பிடங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோது இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. அவ்வாறிருந்தும் இலங்கையின் மழைக்காட்டுத் தவளைகள், நன்னீர் நண்டுகள் முதலியவற்றுள் பல தனியினங்களாகவே வளர்ந்துள்ளன. இவ்வாறு ஒரு நிலப்பகுதிக்கே உரிய உயிரினங்களை ஓரிட வாழ்விகள் என்பர். தீவிற்குப் பெருமை தருவது இதுவே. அச்சம் தருவதும் இதுவே. அங்கு அழியும் ஓரிட வாழ்வியை வேறெந்த நாட்டுக் காட்டிலிருந்தும் மீட்டுக் கொணர இயலாது.

இவ்வினங்களுள் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயத்தில் வாழ்கின்றன. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கான அவ்வலயத்திலேயே மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குடியிருக்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்காகவும், இலைத்துரு நோயால் காப்பி வீழ்ந்தபின் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை ஒன்றோடொன்று தொடர்பற்ற துண்டுகளாயின. அவற்றுள் சிறந்ததாகிய சிங்கராஜ வனத்திலும் 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக மரங்கள் வெட்டப்பட்டன. எதிர்ப்பு வலுத்ததால் அப்பணி கைவிடப்பட்டது. அவ்வனத்தை 1988இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. அங்குள்ள மரங்களுள் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஓரிட வாழ்விகள். எதிர்ப்பு சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் காப்பதற்கு என்ன எஞ்சியிருக்கும்?

எதிர்ப்பை மட்டும் நம்பியிராமல் முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்பதே 1992இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்திடப்பட்ட பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கையின் நோக்கம். உறுப்பு நாடு ஒவ்வொன்றும் தேசியச் செயல்திட்டம் வகுக்க வேண்டுமென அதன் ஆறாம் உறுப்பு கூறுகிறது. இலங்கை 1994இல் இவ்வுடன்படிக்கையை ஏற்று, அப்பத்தாண்டின் இறுதியில் தன் முதற் செயல்திட்டத்தை வெளியிட்டது; பின்னர் 2016 முதல் 2022 வரைக்குமான திட்டத்தை வகுத்தது. காடுகளும் வனவிலங்குகளும் அங்கு வெவ்வேறு துறைகளின் பொறுப்பில் உள்ளன. காட்டின் எல்லையைக் கடந்தால் வேளாண்மை, தோட்டப்பயிர், சாலை, மீன்வளம் எனப் பல துறைகளின் முடிவுகள் குறுக்கிடுகின்றன. ஆகவே, விலங்குகளைப் பற்றியதெனத் தோன்றும் இத்திட்டம் உண்மையில் அலுவலகங்களை ஒருங்கிணைக்கும் திட்டமாகும். கடினமான பகுதியும் அதுவே.

காப்பதற்குரியவை அரிய விலங்குகள் மட்டுமல்ல. காஞ்சியின் தறிகளுக்கு இழை தரும் மல்பெரிப் பட்டுப்புழு, மனிதர் பேணாவிடில் வாழவியலாத வளர்ப்பினமாகிவிட்டது; அதன் காட்டு உறவினம் இன்றும் கிழக்காசியாவில் வாழ்கிறது. இலங்கையின் புகழ்பெற்ற இலவங்கப்பட்டைக்கும் அந்நாட்டுக் காடுகளில் உறவினங்கள் உண்டு. பயிரை நோய் தாக்கும்போது எதிர்ப்புத்திறனைத் தேடிச் செல்வது இத்தகைய காட்டினங்களிடமே.

இந்தியா 2002இல் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தை இயற்றியது. அதன்வழி அமைந்த தேசிய ஆணையம் சென்னையில் உள்ளது. உள்ளாட்சி அமைப்புதோறும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவும் அச்சட்டம் வழிசெய்கிறது. ஏரியில் வந்து தங்கும் பறவை, வயலில் அருகிவரும் நெல்வகை, மூதாட்டி ஒருவர் மட்டும் அறிந்த மூலிகையின் பயன் ஆகியவை அப்பதிவேட்டில் இடம்பெறத்தக்கவை.